வந்த பெத்தி

போன மாதம் இரண்டு மாணவிகள் என்னைத் தேடி வந்தார்கள். மருத்துவம் படிக்கிறவர்கள் ஏன் ஒன்லைன் பாடநெறிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஆராய்கிறார்களாம். மாணவியாக இருந்தபோது கிடைத்த ஒன்லைன் பாடம் ஒன்றையும் விடாமல் படித்தவள் நான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கேள்வியோடு பதில்களையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். நேரம் மிச்சமா, செலவு குறைவா, திரும்பத் திரும்பப் பார்க்கலாம் என்பதாலா, வசதியா?

"வசதி" என்றேன்.

"வேற ஏதாவது காரணம், மெடம்?"

"வேற என்னத்த? வசதிதான். வசதியத் தவிர வேற என்ன வேணும் மனுசனுக்கு?"

பிள்ளைகளின் முகம் சுண்டிப்போனது. என் வாய் அப்படித்தான். சின்ன வயதிலேயே வாப்பா என்னை மிளகாய்ப் பை என்பார். அவர்கள் போன பிறகு மைக்ரஸ்கோப்பின் முன்னால் வந்து உட்கார்ந்தேன். இப்போது என் வேலை அதுதான். யாரோ ஒருவரின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த இழையம் கண்ணாடித் துண்டில் ஒட்டி வரும், நான் பார்த்து எழுதி அனுப்புவேன். அதற்கு முகம் கிடையாது. அது என் தலையில் போட்டிருக்கும் முந்தானையைப் பார்க்காது. ஆனால் அன்றைக்கு ஒரு சிலைடையும் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. எல்லாவற்றிலும் மஞ்சளாக ஏதோ தெரிவது போல இருந்தது.

எங்கள் வீடு கண்டியிலிருந்து தெல்தெனியவுக்குப் போகும் பாதையில், பல்லேகலயைத் தாண்டி, பிரதான வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே இறங்கினால் வரும். வாப்பாவுக்கு வீதியோரத்தில் ஹாட்வெயார் கடை. பெயின்ட், ஆணி, பைப், தகரம். வாப்பா அந்த ஊர்க்காரர், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. உம்மா கிழக்கிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர். இருபது வருடத்துக்கு மேலாகியும் அவருடைய சிங்களம் மீன்காரனிடமும் பக்கத்து வீட்டிலும் மட்டும்தான் செல்லும். தெரியாத சொல் வந்தால் சிரித்துக்கொண்டு "ஓவ் ஓவ்" என்பார். ஆமாம், ஆமாம். அதிலேயே காலத்தை ஓட்டிவிட்டார்.

பக்கத்து வீட்டில் ஒரு சிங்களக் குடும்பம். அந்த வீட்டு அம்மாவை நாங்கள் நெந்தா என்போம், மாமி என்கிற மாதிரி. அவர் என்னை "துவே" என்பார், மகளே என்று. பெருநாளைக்கு எங்கள் வீட்டிலிருந்து வட்டிலப்பம் போகும், வருடப்பிறப்புக்கு அங்கேயிருந்து கொக்கிஸ் பலகாரம் வரும். நான் மருத்துவ பீடத்துக்குத் தெரிவானபோது எங்கள் வீட்டாரைவிட நெந்தாதான் பாதையெல்லாம் சொல்லித் திரிந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் வேலியோரமாக வந்து நின்று என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

நெந்தாவின் மருமகளுக்குக் கலியாணமாகிக் கொஞ்ச நாளாகியும் பிள்ளை தங்கவில்லை. அவள் என்னைவிட இளையவள், நங்கி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு வார இறுதியில் விடுதியிலிருந்து வந்திருந்தபோது மெதுவாக என்னிடம் கேட்டாள். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, பிள்ளை வேண்டுமென்று நினைக்கிற நாளிலிருந்தே ஃபோலிக் அசிட் குடிக்கச் சொன்னேன். வயிற்றில் பிள்ளையின் முள்ளந்தண்டு மூடுகிற காலத்தில், அதாவது தாய்க்குத் தான் உண்டாகியிருப்பதே சரியாகத் தெரியாத காலத்தில், அந்தச் சத்து உடம்பில் இருக்க வேண்டும். கிளினிக்கில் அப்போது கையிருப்பு இல்லையாம். கண்டியில் ஒரு பாமசியில் வாங்கி வந்து நானே அவள் கையில் கொடுத்தேன். சின்னச் சின்ன மஞ்சள் குளிசை, மினுங்குகிற தாளில். எவ்வளவு பெருமை எனக்கு! அதுதான் நான் ஒருவருக்குச் சொன்ன முதல் வைத்தியம்.

அந்த நாட்களில் எனக்கு வார்ட் என்றால் உயிர். மகப்பேறுதான் படிக்கப்போகிறேன் என்று முடிவே கட்டியிருந்தேன். பிரசவ வார்டில் தாய்மாரோடு கதைத்துக்கொண்டு நிற்பதென்றால் சாப்பாடு தேவைப்படாது. எங்கள் பீடத்தில் ஒன்லைன் பாடங்கள் அப்போதே வந்துவிட்டன. வெளிநாட்டுப் பேராசிரியர்கள் கண்ணாடித் திரைக்குள் நின்று படிப்பிப்பார்கள். நான் அவற்றைச் சட்டை செய்ததே கிடையாது. மனுசரைத் தொடாமல் என்ன வைத்தியப் படிப்பு என்று வாய் கிழியப் பேசியவள் நான்.

பிறகு அந்தக் கதை கிளம்பியது. முஸ்லிம்கள் சாப்பாட்டில் குளிசை கலந்து கொடுத்து சிங்களப் பெண்களை மலடாக்குகிறார்களாம். ஃபோனுக்கு ஃபோன் பரவியது. எங்கள் வீட்டில் அதைத் தமிழில் கேட்டோம், மலட்டுக் குளிசை என்று. "அப்பிடி ஒரு குளிசை உலகத்துலயே இல்லகா, படிச்ச ஆக்களும் இத நம்புவாங்களா?" என்று உம்மா சிரித்தார். சிங்களத்தில் அதற்கு 'வந்த பெத்தி' என்று பெயர். வந்த என்றால் மலடு. பெத்தி என்றால் குளிசை. உம்மாவுக்கு அந்த வந்த தெரியாது. அவருக்குத் தெரிந்தது தமிழ் வந்த. வந்த மனுசன், வந்த காசு, வந்த பெத்தி.

வார்டில் முதல் அடி விழுந்தது. ஒரு வயதான சிங்கள அம்மா, தினமும் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர். ஒரு நாள் நேர்ஸ் வேறு வேலையாக இருந்ததால் மருந்துக் கிண்ணத்தை அவரிடம் நீட்டும்படி என்னிடம் தந்தார். அந்த அம்மா என் கையைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கோபமில்லை, பயம். கோபமாக இருந்திருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை பிடித்திருப்பேன். பயந்த கிழவியிடம் என்னத்தைச் சண்டை பிடிக்க?

அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது உம்மா தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார்:

"பக்கத்தூட்டு நெந்தா வந்தா. நீ குடுத்த குளிசையக் கையில வச்சிக்கிட்டு 'மே வந்த பெத்தித?' எண்டு கேட்டா. பாரன், தமிழும் பேசப் பழகிட்டா! நானும் சொன்னன், ஓவ் ஓவ், வந்த பெத்தி தமா, கண்டியால வந்த பெத்தி, துவதான் கொண்டு வந்த எண்டு."

"உம்மா! அவ கேட்டது இது மலட்டுக் குளிசையா எண்டு!"

உம்மாவின் கை தேங்காயோடு அப்படியே நின்றுவிட்டது. "யா அல்லாஹ். நான் ஓம் எண்டு சொல்லிட்டனே."

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். நெந்தா கதவை முழுதாகத் திறக்கவில்லை. ஒரு மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். உம்மாவின் சிங்களம், தமிழ் வந்த, சிங்கள வந்த, பிள்ளையின் முள்ளந்தண்டு. எனக்கே என் பேச்சு களவெடுத்துப் பிடிபட்டவள் பேச்சு மாதிரித்தான் கேட்டது. "ஹரி துவே, ஹரி" என்றார் நெந்தா. சரி, சரி. அந்தச் சரியில் ஒரு சரியும் இல்லை. நங்கியைக் கூப்பிடச் சொன்னேன், குளிக்கிறாள் என்றார். உள்ளே அவள் பாத்திரம் கழுவும் சத்தம் எனக்குக் கேட்டது.

முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் எரிக்கிற கலவரம் எங்கள் பக்கம் வந்தது அதற்கு அடுத்தடுத்த நாட்களில். எப்படித் தொடங்கியது, யார் தொடங்கினார்கள் என்பதெல்லாம் எல்லோரும் எழுதியாகிவிட்டது, எனக்கு அதைத் திரும்பக் கிளற மனமில்லை. மத்தியானம் வாப்பா கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார். "ஆக்கள் லொறியில வாராங்க மகள், ஊட்டுல நிக்க ஏலா" என்றார். எங்கே போவதென்று யோசிக்குமுன் வேலியை விலக்கிக்கொண்டு நெந்தா வந்து நின்றார். உம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னார். "வாங்க, எங்கட குசினிக்குள்ள வந்து இருங்க. என்னைத் தாண்டி யாரு வாரான் என்று பார்ப்பம்."

அப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் அந்தக் குசினியில் நிலத்தில் உட்கார்ந்தோம். நெந்தாவின் மகன் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டான். நங்கி எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றினாள். தூரத்தில் கூச்சல், கண்ணாடி உடைகிற சத்தம். பிறகு பட்பட்டென்று ஏதோ வெடிக்கத் தொடங்கியது.

"துவக்குச் சூடா வாப்பா?"

வாப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். "இல்ல மகள். அது நம்மட பெயின்ட் டின்" என்றார்.

உம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதார். வாப்பா அழவில்லை. ஒவ்வொரு டின்னாக வெடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். நெந்தா வாப்பாவுக்கு முன்னால் குந்திக்கொண்டு தேத்தண்ணீரைக் கையில் திணித்தார். அவர் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. பொய்த் தண்ணீர் இல்லை. அந்த மனுசி அன்றைக்கு இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருப்பேனோ தெரியாது.

அப்போதுதான் கண்டேன். அடுப்புக்குப் பக்கத்தில், சாம்பல் அள்ளிப்போடும் வாளிக்குள், தேங்காய்ச் சிரட்டைக்குக் கீழே, மினுங்குகிற தாள். பாதிக்கு மேல் குளிசை அப்படியே இருந்தது. மஞ்சள் மஞ்சளாக.

நங்கி குனிந்து என் கோப்பையை எடுத்தபோது மெல்லக் கேட்டேன், "நங்கி, குடிக்கிறதை விட்டுட்டியா?"

அவள் மாமியார் பக்கம் பார்த்தாள். பிறகு, உதடு அசையாத மாதிரி, "இந்த மாசம் எனக்கு வரல்ல அக்கே" என்றாள்.

இப்போதுதானே, இந்த நாட்களில்தானே அது வேண்டும்! வாளியைக் காட்டி, "நெந்தே, அது அந்தக் குளிசை இல்ல. கிளினிக்கில தாற அதே குளிசைதான். தயவுசெய்து அவளைக் குடிக்க விடுங்க" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போல. வாசலிலிருந்து மகன் திரும்பிப் பார்த்தான். உம்மா என் தொடையைக் கிள்ளினார். "வாய மூடு புள்ள. நம்ம உசிரு அவங்கட கையில இரிக்கி."

பிறகு உம்மாவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் சிங்களத்தில் விளக்கத் தொடங்கினார். "நெந்தே, அப்பே வந்த, ஆவா. ஒயாலகே வந்த, நே நே!" எங்கள் வந்த, வந்தது. உங்கள் வந்த, இல்லை இல்லை. கைகளை விரித்து, ஒரு குளிசை பஸ்ஸில் ஏறிக் கண்டியிலிருந்து இறங்கி வருவது போல நடித்துக் காட்டினார். கடை எரிந்துகொண்டிருக்கிறது, மனுசி நடித்துக் காட்டுகிறார். நெந்தா சிரித்தே விட்டார். நங்கியும் சிரித்தாள். நான் நம்பினேன், விளங்கிவிட்டதென்று.

"ஹரி, ஹரி. தேத்தண்ணி ஆறுது, குடி துவே" என்றார் நெந்தா. எழும்பிப்போய் வாளியை எடுத்துப் பின்கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார்.

இன்றுவரை எனக்கு இது விளங்கவில்லை. எங்களைச் சாகவிடக்கூடாது என்று தன் குசினிக்குள் வைத்துக் காத்த அதே நெஞ்சுக்குள், நான் அவருடைய பேரப்பிள்ளையை வரவிடாமல் செய்யப் பார்த்தவள் என்ற நினைப்பும் இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளவில்லை.

ஊரடங்குச் சட்டத்தை எடுத்த பிறகு வார்டுக்குத் திரும்பினேன். என் கால் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளியே நின்றது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உண்மை. ஆனால் நான் வாயைத் திறக்குமுன் நோயாளியின் கண்ணைப் பார்த்தேன். அந்தக் கண் என் தலைக்குப் போகிறதா, கைக்குப் போகிறதா என்று பார்த்தேன். இருமல் எத்தனை நாளாக என்று கேட்க மறந்துபோனது. விருப்பப் பாடத்தை வார்டில் எடுக்கலாம், ஒன்லைனில் எடுக்கலாம் என்று பீடம் கேட்டபோது ஒன்லைன் என்றேன். பிறகு அடுத்ததும் ஒன்லைன். திரைக்குள் இருக்கும் நோயாளி ஆங்கிலத்தில் பேசுவான், நான் கொடுக்கிற மருந்தையெல்லாம் மறுப்பில்லாமல் விழுங்குவான்.

எங்கள் குழுவில் யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் இருந்தான். அவனும் என்னோடு சேர்ந்து ஒன்லைன் எடுத்தான். ஏன் என்று கேட்டேன். "இஞ்ச வார்டில நான் வாய் திறந்தா, என்ர சிங்களத்தைக் கேட்டிட்டு எந்த ஊர் எண்டு கேக்கினம். சண்டை முடிஞ்சு இவ்வளவு காலமாகியும் கேக்கினம். கொம்பியூட்டர் கேக்காது" என்றான். வெளியில் யாராவது கேட்டால் அவனும் வசதி என்றுதான் சொல்வான். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அந்த வருடம் முடியும் தறுவாயில் உம்மா ஃபோன் எடுத்தார். நங்கிக்குப் பிள்ளை பிறந்துவிட்டதாம். ஆண்பிள்ளை. "ஸ்கான்ல ஏதோ சொன்னாங்களாம், நெந்தா யாருக்கும் சொல்லல்ல. பிள்ளட முதுகுல ஒரு கட்டியாம் மகள். கால் ரெண்டும் ஆடுதில்லையாம். கண்டிக்குத்தான் கொண்டு போயிரிக்காங்க. நீ போய்ப் பாரு. போகாம இருந்திடாத, அவங்க நம்மளக் காப்பாத்தின ஆக்கள்."

கட்டி என்றதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பார்க்காமலே தெரிந்துவிட்டது. முந்தின வாரம்தான் அதே மாதிரி ஒரு பிள்ளையின் படம் ஒன்லைன் பாடத்தில் என் திரையில் வந்தது, வேறு நாட்டுப் பிள்ளை. முதுகில் ஈரமாக, மெல்லிய தோல் மூடிய கட்டி. கீழே ஒரு கேள்வி, இதைத் தடுத்திருக்கக் கூடியது எது? நான்கு விடைகள். ஃபோலிக் அசிட்டைத் தொட்டேன். பச்சை நிறத்தில் சரி போட்டு, வாழ்த்துகள் என்று வந்தது.

போனேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நங்கி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பிள்ளை குப்புறக் கிடந்தது, முதுகில் ஈரத்துணி. முகம் அவ்வளவு அழகு, சும்மா சொல்லவில்லை. நெந்தா என்னைக் கண்டதும் எழும்பி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"துவே, ஒன்று கேக்கிறன். கோவிக்காம உண்மையச் சொல்லு. கிளினிக்கில தந்தது எல்லாம் ஒழுங்காக் குடிச்சாள். வேற ஒரு மருந்தும் வாயில வைக்கல்ல. நீ தந்த அந்தப் பெத்திய மட்டும்தான் கொஞ்ச நாள் குடிச்சாள். நான் கண்டு நிப்பாட்டினன். அதுக்குள்ள உள்ள போனதாலதானா இது?"

நான் வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"அன்றைக்கு உங்கள எல்லாரையும் என்ட வீட்டுக்குள்ள வைச்சுக் காப்பாத்தினன்தானே. அதுக்காகவாவது பொய் சொல்லாத, மகளே."

சொல்லத்தான் நினைத்தேன். நீங்கள் நிறுத்தியதுதான் காரணம், அவள் குடித்தது இல்லை. கிளினிக்கில் தந்ததும் அதே பெத்திதான், பிந்திப்போய்த் தந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கட்டிலில் நங்கியின் முதுகு அசையாமல் கிடந்தது. அவள் தூங்கவில்லை, காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளையை வைத்து இதனால்தான் வந்தது என்று எந்த டொக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. விடாமல் குடித்தவர்களுக்கும் அபூர்வமாக வரத்தான் செய்கிறது. அது படிப்பு. அந்த ஜன்னலடியில் நான் படிப்பை வைத்துப் பேசினால் அந்தப் பெண் மிச்சக் காலம் முழுக்க அந்தச் சாம்பல் வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"தெரியாது நெந்தே" என்றேன்.

நெந்தா என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். அவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. என் முந்தானையைச் சரிசெய்து, கன்னத்தைத் தடவினார்.

"ஹரி துவே. நீ சின்னப் பிள்ளை, யாரோ தந்ததைக் கொண்டு வந்திருப்பாய். நான் மன்னிச்சிட்டன். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். சொன்னா உங்கள விட்டுவைக்கமாட்டாங்கள்."

நான் அதை வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய? "பொஹோம ஸ்துதி நெந்தே" என்று நன்றியும் சொன்னேன்.

குட்ஷெட் பஸ் தரிப்பிடத்தில் பஸ்ஸுக்காக நின்றபோது ஃபோனில் பீடத்துச் செய்தி ஒன்று வந்தது. வார்டுக்குப் போகாமல் எடுக்கக்கூடிய இன்னொரு பாடத்துக்குப் பதிவு செய்ய அன்றுதான் கடைசி நாள் என்று சொல்லியது. பஸ் வருவதற்குள் பதிவு செய்து முடித்தேன்.